உடல், மனம், ஊர்: பாலியல் குறித்து வாசகர்கள் கேட்டவை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாலியல் தொடர்பானவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கோவை மாணவி ஒருவரின் நீண்ட கடிதம்தான் இதற்குத் தூண்டுதல். அவருடைய முதல் கேள்வியைத் தொடக்கத்திலும் இரண்டாவது கேள்வியைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். எழுதிய எவருடைய பெயரையும் வெளியிடவில்லை.

நான் உளவியல் முதுகலை மாணவி. மனிதப் பாலியலை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, “இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? இதற்கெல்லாம் அறிவியல் என்று பெயரா?” என்று அப்பா கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது, டாக்டர்?
– மாணவி, கோயம்புத்தூர்

உங்கள் அப்பா கேட்ட கேள்வியை இந்தத் துறை பிறந்த நாளிலிருந்தே எதிர்கொண்டு வருகிறது. மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 1886-ல் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டபோது, பொதுமக்கள் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே கூச்சம் தரும் பகுதிகளை லத்தீன் மொழியில் எழுதினார். அவர் ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் நீதிமன்றங்களின் வழியாகவும் மனநலக் காப்பகங்களின் வழியாகவும் வந்தவர்கள் என்பதால், பாலியல் என்றாலே நோய் அல்லது குற்றம் என்ற பார்வையோடுதான் துறை தொடங்கியது. அந்தப் பார்வையை மாற்ற முயன்றவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். 1919-ல் பெர்லினில் பாலியல் அறிவியலுக்கென்றே அவர் திறந்த நிறுவனத்தில் மருத்துவ ஆலோசனை, கருத்தடை விளக்கம், நூலகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1931-ல் இந்தியாவுக்கும் வந்து சொற்பொழிவாற்றிச் சென்றார். 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் அந்த நிறுவனத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாட்களுக்குப் பிறகு அதன் நூல்கள் பெர்லின் ஓபரா சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. அப்போது வெளிநாட்டில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட் தாய்நாட்டுக்குத் திரும்பாமலேயே 1935-ல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தார்.

அடுத்த பெரிய பெயர் ஆல்ஃபிரட் கின்ஸி. செடிகளில் கழலைகளை உண்டாக்கும் சிறு குளவிகளை லட்சக்கணக்கில் சேகரித்து அளந்த விலங்கியலாளர் அவர். 1938-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் திருமணம் பற்றிய வகுப்பை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. மாணவர்கள் கேட்ட எளிய கேள்விகளுக்குக்கூட நம்பத்தகுந்த தரவு எங்கும் இல்லை என்பதை அப்போது கண்டார். குளவிகளுக்குக் காட்டிய அதே பொறுமையோடு மனிதர்களிடம் கேட்டு எழுதத் தொடங்கினார். 1948-ல் ஆண்களைப் பற்றியும் 1953-ல் பெண்களைப் பற்றியும் அவருடைய குழுவின் நூல்கள் வந்தன. முதல் நூலின் ஆய்வு ஏறத்தாழ 5,300 ஆண்களையும் இரண்டாவது 5,940 பெண்களையும் தழுவியது. பெண்களைப் பற்றிய நூல் எழுப்பிய எதிர்ப்பில் 1954-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதி நின்றது.

நம் நாட்டுக் கதையையும் அப்பாவிடம் சொல்லுங்கள். பம்பாயில் ர. தோ. கார்வே 1927 முதல் 1953-ல் இறக்கும்வரை மராத்தியில் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற இதழை நடத்தினார். அதில் வாசகர்களின் பாலியல் கேள்விகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதியதற்காக அவர்மீது ஆபாச வழக்குத் தொடரப்பட்டது. 1934-ல் அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் பாபாசாகேப் அம்பேத்கர். வழக்கு தோற்றது; கார்வே எழுதுவதை நிறுத்தவில்லை. இந்தப் பகுதிக்குப் பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். நூலகத்தை எரிக்கவும், நிதியை நிறுத்தவும், நீதிமன்றத்துக்கு இழுக்கவும் வேண்டிய அளவுக்கு இதில் இருந்தது என்ன என்று உங்கள் அப்பாவே யோசிக்கட்டும்.

எனக்கு வயது 27. இரண்டு மாதத்தில் திருமணம். பள்ளிப் பருவத்திலிருந்து கைப்பழக்கம் உண்டு. தூக்கத்தில் விந்தும் வெளியேறுகிறது. உடல் சோர்வு, ஞாபக மறதி, இடுப்புவலி. மாதம் ஒருமுறை எங்கள் ஊர் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவர், நரம்புத் தளர்ச்சி முற்றிவிட்டது, ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமம் என்றார். லேகியத்துக்கு இதுவரை 25,000 ரூபாய் கொடுத்துவிட்டேன். திருமணத்தை நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர் மாவட்டம்

தம்பி, திருமணத்தை நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதப்படாத அந்த லேகியத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். சோர்வுக்கும் இடுப்புவலிக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒருமுறை உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் நான் எழுதப்போவது சற்று நீளமானது. மனிதப் பாலியலை ஏன் மூன்று கோணங்களில் படிக்க வேண்டும் என்பதற்கு உங்கள் கடிதத்தைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது என்பதால் எழுதுகிறேன்.

உடலிலிருந்து தொடங்குவோம். பருவமடைந்த ஆணின் விதைப்பைகளில் விந்தணுக்கள் ஓயாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. ஓர் அணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. வெளியேறாத அணுக்களை உடலே சிதைத்து உறிஞ்சிக்கொள்ளும். ஒருமுறை வெளியேறும் விந்து பொதுவாக 2 முதல் 5 மில்லி லிட்டர். அதில் பெரும்பகுதி நீர். மிச்சம் சிறிதளவு சர்க்கரை, புரதம், உப்புகள். இந்தத் திரவத்தை விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும்தான் பெருமளவில் சுரக்கின்றன. இரத்தத்தைச் சுண்டக் காய்ச்சி விந்து செய்யும் உறுப்பு எதுவும் உடலில் இல்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பான நிகழ்வு. கைப்பழக்கத்தால் நரம்பு தளர்வதில்லை.

உடல் பற்றிய இந்த விளக்கம் சரியானதுதான். ஆனால் இதை மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட இளைஞர்கள் பலர் பதினைந்து நாளில் அதே முறையீட்டோடு திரும்பி வருவதை என் முப்பதாண்டு அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். காரணம் மனத்தில் இருக்கிறது. உடலில் ஏதோ கெட்டுவிட்டது என்று ஒருவர் நம்பத் தொடங்கிய பிறகு, எல்லோருக்கும் வரும் சாதாரண அசதியும் மறதியும்கூட அவருக்கு அந்தக் கேட்டின் சாட்சியாகத் தெரியும். சாட்சி கூடக்கூட அச்சம் கூடும். அச்சம் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் அசதி மெய்யாகவே வந்துவிடும். திருமணத்துக்குப் பிறகும் இந்த வட்டம் உங்களைத் தொடரக்கூடும். மனைவியோடு இருக்கும்போது தன்னையே பார்வையாளன்போல் எட்ட நின்று கவனித்து, ‘எழுச்சி வருமா, நிற்குமா’ என்று எடைபோடும் மனநிலையை அமெரிக்க ஆய்வாளர்களான வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1970-ல் விரிவாக எழுதினார்கள். பதற்றத்தின்போது உடலை ஆபத்துக்குத் தயார்செய்யும் நரம்புகள் வேலை செய்கின்றன. ஆணுறுப்பின் எழுச்சிக்கோ அவை அடங்கியிருக்க வேண்டும். அதனால் நோயே இல்லாதவருக்கும் முதலிரவில் எழுச்சி தவறலாம். ‘வைத்தியர் சொன்னது சரிதான்’ என்று அன்றே முடிவு கட்டிவிடுவார்கள்.

இந்த அச்சத்தை உங்கள் மனத்தில் வைத்தது யார்? இங்கேதான் ஊர் வருகிறது. நம் பழைய மருத்துவ மரபில் உடலின் ஏழு தாதுக்களில் கடைசியானது சுக்கிலம். உண்ட உணவு ஒவ்வொரு தாதுவாக மாறிக் கடைசியில் அதுவாகிறது என்பது கோட்பாடு. அந்தக் கோட்பாட்டின் துணுக்கு ஒன்றுதான் ‘நாற்பது துளி’ என்று உங்கள் காதுக்கு வந்து சேர்ந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் இந்த அச்சம் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்ட மனநல மருத்துவர் என். என். விக், 1960-ல் இதற்குத் ‘தாத் நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார். தாது என்ற சொல்தான் அது. இது நமக்கு மட்டும் உரிய மூடநம்பிக்கை என்றும் எண்ணிவிடக் கூடாது. 1760-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் திஸ்ஸோ, கைப்பழக்கம் உடலையும் அறிவையும் அழிக்கும் என்று எழுதிய நூலை நம்பி ஐரோப்பா நூறாண்டுக்கு மேல் நடுங்கியது. அங்கே அந்த அச்சம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நம்மிடம் பேருந்து நிலையச் சுவர்களில் சுவரொட்டியாக ஒட்டப்பட்டு இன்னும் வாழ்கிறது. பதின்மூன்று வயதில் உங்களுக்கு ஓர் ஆசிரியரோ தந்தையோ பத்து நிமிடம் பேசியிருந்தால் அந்த 25,000 ரூபாய் உங்கள் கையில் இருந்திருக்கும். அவர்கள் பேசாமல் விட்ட இடத்தில்தான் லாட்ஜ் வைத்தியர் கடை விரித்திருக்கிறார்.

அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977-ல், நோயை உடல், மனம், சமூகம் என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். இம்மூன்றையும் மூன்று தனிப் பெட்டிகளாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் ஊர் சொன்ன ஒரு வாக்கியம் மனத்தில் அச்சமாகி, உடலில் அசதியாக இறங்கியிருக்கிறது. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. எனவே, திருமணத்துக்கு முன் ஒரு மனநல மருத்துவரை இரண்டு மூன்று முறை பாருங்கள். முடிந்தால், திருமணத்துக்குப் பிறகு மனைவியோடும் ஒருமுறை செல்லுங்கள்.

எனக்கு வயது 52. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஓராண்டாக எழுச்சி சரியாக இல்லை. இது மனச்சோர்வுதான் என்கிறார் நண்பர். மருந்துக் கடையில் நீல மாத்திரை (வயாகரா) வாங்கிப் பார்க்கலாமா?
– வாசகர், சேலம்

கடையில் கேட்டு வாங்க வேண்டாம், ஐயா. உங்கள் வயதிலும் உங்கள் நோயிலும் முதலில் உடலைத்தான் பார்க்க வேண்டும். எழுச்சி என்பது இரத்தக் குழாய்களின் வேலை: நரம்பு முனைகளில் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு, குழாய்ச் சுவர்கள் தளர்ந்து இரத்தம் நிறைய வேண்டும். நெடுநாள் சர்க்கரை அந்த நரம்பையும் குழாயையும் ஒருசேரக் கெடுக்கிறது. ஆணுறுப்பின் குழாய்கள் இதயக் குழாய்களைவிட மெல்லியவை என்பதால், அடைப்பு இதயத்தில் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கே தெரிந்துவிடலாம். ஆகவே, இந்த முறையீட்டை இதயப் பரிசோதனைக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் நீல மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியக்கூடும். அதிகாலை எழுச்சி இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது வழக்கம்போல் இருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நலம், காரணத்தை மனத்தில் தேட வேண்டும் என்பதற்கு நல்ல துப்பு. நண்பர் சொன்ன மனச்சோர்வும் சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவதுதான். அதையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

எனக்கு 34 வயது. இரண்டு குழந்தைகள், சின்னவனுக்கு ஒன்றரை வயது, இன்னும் பால் கொடுக்கிறேன். மாமனார், மாமியாரோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். நான் வேலைக்கும் போகிறேன். தாம்பத்தியத்தில் ஆசையே வருவதில்லை. “உனக்கு ஏதோ ஹார்மோன் கோளாறு, போய் வைத்தியம் பார்” என்கிறார் கணவர். உண்மையில் எனக்கு ஏதும் குறையா, டாக்டர்?
– வாசகி, திருநெல்வேலி

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘ஆசை வருவதில்லை’ என்ற ஒரு வரியைச் சுற்றி, ஆசை வர இடமே இல்லாத ஒரு நாளை நீங்கள் முழுமையாக எழுதியிருக்கிறீர்கள்.

ஹார்மோன் என்று கணவர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. பாலூட்டும் காலத்தில் புரோலாக்டின் உயர்ந்தும் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தும் இருக்கும். நாட்டம் குறைவதும், பிறப்புறுப்பு வறண்டு உறவின்போது வலிப்பதும் அதனால் நேரலாம். அது கோளாறு அன்று; பாலூட்டல் குறையும்போது பொதுவாக மாறிவிடும். தைராய்டையும் இரத்தசோகையையும் சோதித்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், அவற்றில் சில நாட்டத்தைக் குறைக்கும் என்பதையும் மருத்துவரிடம் பேசுங்கள்.

ஆனால் பெண்ணின் நாட்டத்தை ஆணின் அளவுகோலால் அளந்த பிழை மருத்துவத்துக்கே நெடுங்காலம் இருந்தது. மாஸ்டர்ஸும் ஜான்சனும் 382 பெண்களையும் 312 ஆண்களையும் ஆய்வுக்கூடத்தில் கவனித்து 1966-ல் எழுதிய நூலில், கிளர்ச்சி தொடங்கி உச்சம் கடந்து தணிவது வரை நான்கு கட்டங்கள் இருபாலருக்கும் பொது என்றார்கள். அந்த வரிசையில் ஆசை என்ற கட்டமே இல்லை. பிற்பாடு ஆசையைச் சேர்த்தவர்கள், அது முதலில் வர வேண்டும் என்றார்கள். கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-ல் இதை மறுத்தார். நீண்ட நாள் உறவில் உள்ள பெண்கள் பலருக்கு ஆசை தானாக முன்னால் வந்து நிற்பதில்லை; நெருக்கமும் பரிவும் தொடுதலும் முதலில் நிகழ்ந்து, அவற்றுக்கு விடையாகவே ஆசை எழுகிறது என்று அவர் காட்டினார். பெண்குறிக் காம்பின் (கிளிட்டோரிஸ்) முழு உடற்கூற்றை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ’கானல் துல்லியமாக விளக்கியதே 1998-ல்தான். வெளியே தெரியும் சிறு முனை அதன் ஒரு பகுதி மட்டுமே; பெரும்பகுதி உள்ளே இருக்கிறது. நிலவில் மனிதன் இறங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து இது நடந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

கின்ஸி நிறுவனத்தின் ஜான் பான்கிராஃப்டும் எரிக் யான்சனும் முன்வைத்த கருத்து உங்களுக்கு மிகவும் பயன்படும் என்று நினைக்கிறேன். பாலியல் நாட்டத்துக்கு மூளையில் தூண்டும் அமைப்பு ஒன்றும் தடுக்கும் அமைப்பு ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன என்பது அவர்கள் கருத்து. வண்டி ஓட்டத் தெரிந்த உங்கள் கணவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகினாலும் வண்டி நகராது. காதுக்கு எட்டும் தூரத்தில் மாமியார் படுத்திருப்பது, குழந்தை எந்த நேரத்தில் எழுவான் என்ற விழிப்பு, மறுநாள் ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்ற கணக்கு, பகலெல்லாம் பேசாத கணவர் இரவில் மட்டும் நெருங்குவது ஆகிய நான்கும் பிரேக்குகள்தாம். இவற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்தாமல் மாத்திரை தேடுவதில் பயனில்லை. அதிகாலை வேலையில் பாதியைக் கணவர் ஏற்றுக்கொள்வது எந்த மருந்தையும்விட முதலில் செய்துபார்க்க வேண்டிய சிகிச்சை. விருப்பமில்லாத நாளில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை மனைவிக்கு உண்டு. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறையாகவே சொல்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

என் மகனுக்கு 23 வயது. ஆண்கள்மீதுதான் தனக்கு ஈர்ப்பு என்று சென்ற மாதம் சொன்னான். நாங்கள் வளர்த்த விதத்தில் தவறா, பரம்பரையா, சேர்க்கையா? இதை மாற்றும் சிகிச்சை செய்வதாக ஒருவர் சொல்கிறார், அழைத்துச் செல்லலாமா?
– ஒரு தந்தை, மதுரை

அழைத்துச் செல்லாதீர்கள், ஐயா. தன்பாலீர்ப்பு நோயன்று, நோயில்லாத ஒன்றுக்குச் சிகிச்சை என்ற பெயரில் நடப்பவை இளைஞர்களைத் தற்கொலை எண்ணம் வரை தள்ளியிருக்கின்றன. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய ‘மாற்று சிகிச்சை’ முயற்சிகளைத் தடைசெய்து உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்த ஒரு காரியத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இந்த விஷயத்தில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து அவர் கற்றுக்கொண்டார். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அப்படிக் கற்றுக்கொள்ள முன்வந்தார் என்றால், ஒரு தந்தை தமக்கு இது புரியவில்லை என்று சொல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

‘காரணம் என்ன’ என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏறத்தாழ 4,70,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான பெரும் ஆய்வு, தன்பாலீர்ப்புக்கென ஒற்றை மரபணு எதுவும் இல்லை என்றும், மிகச் சிறிய தாக்கம் கொண்ட பல மரபணுக்கள் சேர்ந்தே பங்காற்றுகின்றன என்றும் காட்டியது. ஒருவரின் மரபணுவைப் பார்த்து அவருடைய ஈர்ப்பைச் சொல்லிவிட முடியாது. கருவறையில் நிகழும் தாக்கங்களுக்கும் சான்றுகள் உண்டு. வளர்ப்பு முறையோ நண்பர்களின் சேர்க்கையோ இதை உண்டாக்குகிறது என்பதற்கு மட்டும் நம்பத்தகுந்த சான்று இல்லை; அந்தச் சுமையை நீங்களும் உங்கள் மனைவியும் இறக்கிவைத்துவிடலாம்.

மனநலத் துறை தன் பிழையைத் திருத்திக்கொண்ட வரலாறும் இங்கே தேவை. 1957-ல் எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர், தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களின் உளவியல் சோதனை முடிவுகளையும் மற்ற 30 ஆண்களின் முடிவுகளையும் யாருடையது என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்தார். எது எவருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 1990-ல் உலக சுகாதார நிறுவனமும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கின. 2018 செப்டம்பர் 6 அன்று நம் உச்ச நீதிமன்றம் அது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. நோய், குற்றம் என்ற பெயர்களை ஊர் ஒட்டியது, ஊரே எடுத்தது. உங்கள் மகன் இடையில் மாறவே இல்லை. அவன் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறான். அவனை இழந்துவிடாதீர்கள்.

பாலியல் கணக்கெடுப்புகளில் மக்கள் உண்மை சொல்வார்களா? அவற்றை எப்படி நம்புவது?
– ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர், புதுச்சேரி

கின்ஸியின் தரவு மீதே இந்தக் குறை சொல்லப்பட்டது. தாமாக முன்வந்தவர்கள், சிறையில் இருந்தவர்கள் என்று அவர் திரட்டிய கூட்டம் மொத்த மக்களின் மாதிரி ஆகாது என்று கோக்ரன், மாஸ்டெல்லர், டூக்கி ஆகிய மூன்று புகழ்பெற்ற புள்ளியியலாளர்கள் 1954-ல் எழுதினார்கள். முறையான சமவாய்ப்பு மாதிரியோடு நடந்த பெரிய ஆய்வுகள் எய்ட்ஸ் அச்சத்துக்குப் பிறகே வந்தன. பிரிட்டனில் தாட்சர் அரசு 1989-ல் நிதி தர மறுத்தது. வெல்கம் அறக்கட்டளை கொடுத்த பணத்தில் 18,876 பேரிடம் ஆய்வு நடந்தது. அமெரிக்காவிலும் அரசு நிதி மறுக்கப்பட்டதால் 1992-ல் தனியார் நிதியில் நடந்த ஆய்வு 3,432 பேரோடு சுருங்கிப்போனது.

பொய் எங்கே நுழைகிறது என்பதற்கு உங்களுக்குப் பிடித்தமான ஒரு கணக்கு உண்டு. எதிர்பால் இணைகளின் சராசரி எண்ணிக்கை, ஆண்–பெண் தொகை ஏறத்தாழச் சமமாக உள்ள நாட்டில், இருபாலருக்கும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். ஆனால் ஆய்வுக்கு ஆய்வு ஆண்களின் சராசரி கூடுதலாகவே வருகிறது. ஆண்கள் தோராயமாக மதிப்பிட்டு எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். பெண்கள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வதோடு, சிலவற்றை விட்டும் விடுகிறார்கள். பாலியல் தொழிலில் உள்ள பெண்கள் மாதிரியில் போதிய அளவு இடம்பெறுவதில்லை. கேட்பவரிடம் வாய்விட்டுச் சொல்வதற்குப் பதிலாகக் கணினியில் தாமே பதிலைக் குறிக்க விடும்போது இந்த இடைவெளி சற்றுக் குறைகிறது. கூட்டுக் குடும்பத் திண்ணையில் உட்கார்த்திவைத்து ஒரு மருமகளிடம் கேட்டு வாங்கும் பதிலை நான் பெரிதாக நம்புவதில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பாலியல் கல்வி பற்றிப் பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
– அரசுப் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை

உங்கள் பயம் நேர்மையானது, அம்மா. 2007-ல் மாநில அரசுகள் பலவும் இதே பயத்தால்தான் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்திவைத்தன. முறையான பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் முன்கூட்டியே உறவில் ஈடுபடுவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ தன் வழிகாட்டி நூலில் எழுதியிருக்கிறது. அதே 2007-ல் மத்திய அரசு 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். சொல்லிக்கொடுக்காமல் விடுவதால் வரும் கேடு அந்த எண்ணில் இருக்கிறது. தன் உறுப்புக்குக் கூச்சமில்லாத ஒரு பெயர் தெரியாத குழந்தை, அங்கே யார் தொட்டார்கள் என்பதை எந்தச் சொல்லால் உங்களிடம் சொல்லும்?

மௌனத்தின் விலையை நம் மாநிலம் ஒருமுறை நன்றாக அறிந்திருக்கிறது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது, இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்போதுதான். ‘நம் பண்பாட்டில் அந்த நோய் வராது’ என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. பிற்பாடு எய்ட்ஸ் தடுப்புப் பிரசாரம் ஒன்று சுவரெங்கும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டு ஊரைப் பேசவைத்தது. அன்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஆணுறை என்ற சொல் பேச்சுக்குள் வந்தது. உங்கள் வகுப்பில் முதல் நாள், கேள்விகளைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். அவற்றைப் படித்தாலே எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும். மாணவன் அல்லது மாணவி யாரேனும் தனக்கு நேர்ந்ததைச் சொன்னால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தத் துறையில் சேர நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– முதல் கேள்வி கேட்ட அதே மாணவி, கோயம்புத்தூர்

நம் நாட்டில் பாலியல் அறிவியலுக்கெனத் தனிக் கதவு பெரும்பாலும் இல்லை. மனநல மருத்துவம், மகப்பேறு, தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவம், மருத்துவ உளவியல், சமூகவியல் என்று பல கதவுகளின் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். நீங்கள் உளவியல் கதவில் நிற்கிறீர்கள், அங்கீகாரம் பெற்ற மருத்துவ உளவியல் படிப்புக்கு முயலுங்கள். ஒரு பருவமாவது உடலியங்கியலைத் தீவிரமாகப் படியுங்கள். இல்லாவிட்டால் சேலத்து ஐயாவின் சர்க்கரையை மனச்சோர்வு என்று எழுதிவிடுவீர்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள்.

கேள்விப் படிவத்தைத் தமிழில் நீங்களே எழுதுங்கள். ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்த்து வைக்காதீர்கள். ஆசை, நாட்டம், விருப்பம், சம்மதம் என்ற நான்கு சொற்களை உங்கள் பாட்டியிடமும் அம்மாவிடமும் வகுப்புத் தோழியிடமும் தனித்தனியே சொல்லி, அவர்களுக்கு என்ன பொருள் படுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியில் ஒன்றும் பரமக்குடியில் இன்னொன்றும் கிடைக்கும். அந்தக் குறிப்பேடு நிறைந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.